தப்பு என்னுது

அன்பு மகளுக்கு,

எழுதட்டுமா வேண்டாமா என்று நீ என்னைக் கேட்டால் நான் என்னவென்று சொல்வேன். போனில் பேச வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், அண்ணன் இதைப் படம் எடுத்து அனுப்புவான். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றுமில்லை என்றால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து மரக்குச்சியில் ஒரு பாலம். ஒட்டுகிற வேலை அந்த உயரமான பையனுடையது. தாமதமாக வந்தான், பசை காயவில்லை, எடை வைத்ததும் பாலம் உட்கார்ந்துவிட்டது. இதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அவரவர் தனியாக எழுத வேண்டும் என்றார் ஆசிரியை. நான் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்று நீ எழுதினாய். அவர்களிடம் வாயாலும் சொன்னாய். அவர்களும் அதையே எழுதினார்கள், தப்பு அவளுடையது என்று. பொய்யில்லை. நீ சொன்னதைத்தான் எழுதினார்கள். ஆசிரியை உன் நேர்மையைப் பாராட்டிவிட்டு உன்னை மட்டும் ஃபெயில் ஆக்கினார். நடந்தது இவ்வளவுதானா, வேறு ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுது, இல்லையென்றால் இந்த வருடத்தை மறுபடி படி என்கிறார்.

நம் வீட்டில் ஒருவர் தப்பு என்னுது என்றால் பேச்சு அதோடு முடிவதில்லை. அடுத்தவர், இல்ல, என்னுது என்று சொல்ல வேண்டும். அலமாரிக் கண்ணாடி உடைந்த அன்று நீயும் அண்ணனும் நான்தான் நான்தான் என்று சண்டை போட்டீர்கள், ஓங்கிய கை எனக்குச் சிரிப்பில் இறங்கிவிட்டது. அதைத்தான் வளர்ப்பு என்று நினைத்தோம். அங்கே போய்ப் பாதிப் பேச்சைப் பேசிவிட்டு மீதிக்காக நின்றிருக்கிறாய்.

விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போறதில்ல, அந்தப் பசங்கள்ல ஒருத்தனாவது வாயைத் திறப்பான், பொறுத்திருக்கச் சொல்லு என்கிறார் அப்பா. ஊருக்கு ஒரு இளிச்சவாய் வேணும்னா நம்ம வீட்லதான் வந்து ஆர்டர் குடுக்கணும் என்று எழுந்து போய்விட்டான் அண்ணன்.

ஆசிரியை மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தையே எடுத்துக்கொள். விரிப்பு கருகினால் தேய்க்கிற நான் தப்பு என்னுது என்பேன், மடிக்கிற அக்கா, இல்லம்மா, நான்ல பாத்திருக்கணும் என்பாள், மேற்பார்வையாளர் இருவரையும் திட்டிவிட்டுப் போவார். பிறகு டீ. வருடக்கணக்காக இப்படித்தான். அந்தத் தேய்ப்பு இயந்திரத்தின் உருளை ஏன் ஒரு ஓரத்தில் மட்டும் அதிகம் சூடாகிறது என்று இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. போன வாரமும் கருகியது. எங்கள் நல்ல குணத்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

எழுது என்றால் நாளைக்கு அந்தப் பையன் முகத்தில் எப்படி விழிப்பாய். எழுதாதே என்றால் ஒரு வருடம். எழுதினாலும், முதலில் ஒன்று சொன்னாள், இப்போது பழியைத் தூக்கிப் போடுகிறாள் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வேறு மாதிரி பேச உனக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொல்லித்தந்தேன், அது அங்கே செல்லுபடியாகவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு படுக்காதே. என்ன முடிவு செய்தாலும் வெள்ளிக்கிழமையைத் தவறவிடாதே. உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நடக்கும் என்று எழுதத்தான் கை வரவில்லை.

உன் அம்மா

பின்குறிப்பு: இதை முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்பா தன் மூக்குக்கண்ணாடியை அங்கே கழற்றி வைத்திருக்கிறார். கம்பி வளைந்துவிட்டது. தப்பு என்னுது என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாத்து உக்காரக் கூடாதா என்றார். மீதிப் பேச்சுக்காக நின்றேன். பிறகு வாங்கி, கம்பியை நிமிர்த்திக் கொடுத்தேன்.