கிள்ளான் வீட்டு வாடகையும் ஏஜென்ட் சாரின் வரிக் கணக்கும்

நிர்மலன்,

சோறு குக்கர்ல இருக்கு, மீன் குழம்பைச் சூடு பண்ணிக்குங்க.

நீங்க வீடு விக்கிற ஏஜென்ட்ங்கிறதால நம்ம கிள்ளான் வீட்டு வாடகையும் பிஸ்னஸ் வருமானமாம், கார் பெட்ரோலைக்கூட வரியில கழிச்சிடலாமாம். நேத்து என் அண்ணன் முன்னால என்னா பேச்சு! உங்க கமிஷன் வேற, வாடகை வேற லா. துப்புரவு, ரிப்பேர்னு எல்லாத்தையும் நீங்க ஓடியாடிச் செஞ்சு கொடுத்தாத்தான் வரி ஆபீஸ்ல அதை பிஸ்னஸ்னு ஒத்துக்குவாங்க. நீங்க அங்க ஒரு பல்பாவது மாட்டியிருக்கீங்களா?

வாடகைக்கு இருக்கிற மாரியாயி அக்கா போன் பண்ணாங்க, குழாய் ஒழுகுதாம். இன்னிக்கு நீங்களே போய்ப் பாருங்க, பிஸ்னஸ்மேன்.

சுரேகா

பி.கு.: உங்க முகம் அவங்களுக்குத் தெரியாது. ஓனர்னு சொன்னா நம்பிக் கேட்டைத் திறக்க மாட்டாங்க. சுரேகா அனுப்புன பிளம்பர்னு சொல்லுங்க.