எழுதாத பலகை

மார்ச் 4

காசினோவில் இன்று ஈ ஓட்டினோம். சீட்டு மேசையருகே சும்மா நின்றதிலேயே கால் வீங்கிவிட்டது. இந்த மலையின் பூர்வகுடிகளான எங்கள் இனத்துக்கு இப்போது தலைவி என் சித்தப்பா மகள் டெல்ஃபினாதான். புது ஓட்டலின் வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டினாள். பன்னிரண்டு மாடியாம். "மலையை விட உசரமா கட்டப் போறியாடி?" என்றேன். "மலைக்கு வாடகை வராதேக்கா" என்கிறாள்.

மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போடாமல் ஒரு கல்கூட வைக்க முடியாது. அந்த ஒப்பந்தத்தில் ஆம்புலன்ஸோடு ஒரு தீயணைப்பு நிலையத்தையும் சேர்த்திருக்கிறாள், பள்ளத்தாக்கு முகப்பிலேயே. எங்களுக்கும், கீழே டவுன்காரர்களுக்கும்.

ஓட்டல் யாருக்கு வேண்டும்? எனக்கு அந்த வண்டி போதும். போன ஜூனில் ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து மேலே ஏறி வருவதற்குள், சமையலறைத் தரையில் என் மடியிலேயே என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

மார்ச் 19

முதல் கூட்டம். மாவட்டக்காரர்கள் எழுதி வந்த வரைவில் 'காசினோவால் வரும் பாதிப்புக்கு ஈடு' என்று இருந்தது. டெல்ஃபினா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"எங்க நிலத்துல நாங்க கட்டினா உங்களுக்கு என்னங்க பாதிப்பு? 'ஈடு'ன்னு போட்டா ஒரு வண்டியும் கிடையாது. 'பக்கத்து வீட்டுக்காரங்க பங்கு'ன்னு போடுங்க, ரெண்டு வண்டி தர்றேன்."

போட்டார்கள்! திமிர் பிடித்தவள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஏப்ரல் 2

பீன்ஸ் அடிப்பிடித்தது. ஒருத்திக்குச் சமைக்க இன்னும் கை பழகவில்லை.

ஏப்ரல் 16

எல்லாம் போயிற்று.

கையெழுத்துப் போட உட்கார்ந்தோம். மாவட்டக் குழுத் தலைவர் ஹோல்கம்ப் எழுந்தார். நல்ல மனிதர்தான். எங்களை மகிழ்விக்க நினைத்து, நிலையத்துக்கு என் வீட்டுக்காரர் பெயரையே வைப்பதாக அறிவித்து, ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். முழுப் பெயரையும்!

ஆண்டு முடிந்து துணிமணிகளை எரிக்கும்வரை இறந்தவர் பெயரை எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை. கூப்பிட்டால் போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பாரே.

எங்கள் பக்கம் அத்தனை பேரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம். பேனா தொடப்படாமல் கிடந்தது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டோம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

அட மனுஷா, எதுக்குய்யா சொன்னே? நல்ல மனசோடதான் சொன்னே — அதான் திட்டவும் முடியல.

ஏப்ரல் 18

டவுன் பத்திரிகையில் 'காசினோக்காரர்களின் அகந்தை' என்று கொட்டை எழுத்தில். வரும் கூட்டத்தில் ஒப்பந்தத்தையே கைவிடப் போகிறார்களாம்.

டெல்ஃபினா வந்து, என் அடுப்பில் இருந்த காபியைத் தானே ஊற்றிக்கொண்டாள்.

"நீ வேண்டாம்னா நான் அந்தக் கூட்டத்துக்குப் போகலக்கா. ஓட்டல் போனா போகட்டும்."

"வண்டி?"

"அதுவுந்தான்."

இத்தனை வருடம் உழைத்து வரைந்த மாடிகளை என் ஒரு சொல்லுக்காக விடத் தயாராக நிற்கிறாள். இவளைச் சின்ன வயதில் முடியைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறேன்.

"போய்ப் பேசுடி. மன்னிப்பெல்லாம் வேண்டாம். மறுபடி சொல்லாம இருந்தாப் போதும்."

ஏப்ரல் 24

நானும் கூடப் போனேன். தலைவி என்று முன்வரிசையில் உட்காரவில்லை அவள். குப்பை வண்டி வரவில்லை என்று புகார் சொல்ல வந்தவருக்குப் பின்னால், பொதுமக்கள் வரிசையில் நின்று பேசினாள்.

"போன வாரம் நீங்க ஒரு பேரை மரியாதையா சொன்னீங்க. எங்க மரியாதை, சொல்லாம இருக்கிறது. இவங்க வீட்ல ஆண்டு முடியற வரைக்கும் நிலையத்துப் பேர்ப்பலகையை வெறுமையா விடுங்க. அப்புறம் நாங்களே எழுதறோம். ஆனா வண்டி காத்திருக்கக் கூடாது. கட்டடம் மெதுவா வரட்டும்."

ஹோல்கம்ப் முகம் சிவந்துபோனது. "எழுதாத பலகைக்குத் தீர்மானம் போடறது எங்களுக்கு இதுதாங்க முதல் தடவை" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. கையெழுத்தும் ஆயிற்று.

வாசலில் என்னிடம் வந்து வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், கற்றுக்கொண்டார்.

மே 20

ஓட்டலுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். தற்காலிகக் கொட்டகையில் முதல் வண்டி வந்து நிற்கிறது. முன்னால் வெள்ளைப் பலகை. காசினோவுக்கு வந்த ஒருவர், "எழுத மறந்துட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஞாபகமாத்தான் விட்டிருக்கு" என்றேன்.

ஜூன் 15

சட்டை, பூட்ஸ், தொப்பி — எல்லாம் நெருப்புக்குப் போயிற்று. விடியும்வரை பாடினோம். அழுது தீர்த்தேன்.

ஜூன் 16

டெல்ஃபினா தூரிகையை என் கையில் திணித்தாள். எழுத்துகள் மேலேறிக் கோணலாகப் போயின. "மலை ஏறுதுக்கா" என்று கிண்டல் வேறு.

ஹோல்கம்ப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார். "இப்ப சொல்லலாங்களா?"

"சொல்லுங்க."

சொன்னார். உச்சரிப்பு தப்புத்தான். கேட்க நன்றாக இருந்தது. நானும் இங்கே எழுதிவிடுகிறேன்.

லியாண்ட்ரோ, வண்டி வந்துவிட்டது.