வலது தோளில் கிடந்த துண்டு

பழங்காநத்தம், மதுரை
22-3-1981

அன்பு மகன் சிவனாண்டிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மருமகள் தங்கப்பொண்ணும் பேரனும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சுகம். என் சுகத்தைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை, அதை நீயே ஊருக்கு எழுதித் தெரிவித்துவிட்டாய். போன மாதம் நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடாததற்கு வேலை காரணம் இல்லை, கோபம்தான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையா, ஏன் எழுதவில்லை என்று இரண்டாவது கடிதத்தில் அம்மாவிடம் கேட்டிருந்தாய். அவள் அதை வாசிக்கச் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மில் புட்பால் டீம் இந்த வருஷம் எப்படி ஆடியது என்று உனக்குத் தெரியும். மாசி பிறக்கும்போது ஆறு மேட்ச் முடிந்து நான்கில் தோல்வி, இரண்டில் டிரா, லீக்கில் நாம்தான் கடைசி. இன்னும் மூன்று மேட்ச் பாக்கி. கடைசியாக வருகிற டீம் இரண்டாம் டிவிஷனுக்குப் போக வேண்டும். எனக்குப் பயம் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே நிலையிலிருந்து கரையேறினோம், நீ கூட அப்போது லைன் ஓரத்தில் நின்று தொண்டை கட்டக் கத்தினாய். பையன்களிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமிட்டிக் கூட்டம் என்று ஆள் அனுப்பினார்கள். ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டின சட்டையோடு போனேன். மன்றத்தில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் எனக்கு முன்னாலேயே வந்து டீ குடித்து முடித்திருந்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். செயலாளர் சுப்பராமன் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். டீமுக்குப் புது ரத்தம் வேண்டும், சிவசங்கரன் என்று ஒருவர் பாட்டியாலாவில் கோச் பயிற்சி முடித்து வந்திருக்கிறார், நாளையிலிருந்து அவர் பார்த்துக்கொள்வார், உங்களுக்குச் சீசன் முடிந்ததும் ஒரு பாராட்டு விழா என்றார். பதினேழு வருஷமாக அந்த டீமுக்கு நான்தான் கோச், சிவனாண்டி. முள்ளுச் செடியை வெட்டி அந்த மைதானத்தைச் சமன் செய்த நாளில் நானும் அவரும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஆபீசில் அவர் ஹெட் கிளார்க், நான் ஸ்பின்னிங்கில் மேஸ்திரி, ஆனால் மைதானத்தில் அந்த வித்தியாசத்தை ஒரு நாளும் அவர் காட்டியதில்லை. அதனால் நானும் கூச்சப்படாமல் வாதாடினேன். மூன்று மேட்ச் முடியட்டும், தோற்றால் நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன், நடுவில் கழற்றிவிட்டால் பையன்கள் மனசு உடைந்துபோகும் என்றேன். இரண்டு பேர் என் பக்கம் தலையசைக்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்தார். "இதை வாசிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன் நல்லகாமன். நீங்க விட மாட்டேங்கிறீங்க" என்று சொல்லிவிட்டு வாசித்தார். இரண்டு வரி போவதற்குள் அது உன் கடிதம் என்று தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு ஆவணியில் நெஞ்சுவலி வந்தது, டாக்டர் ஓடக்கூடாது கத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அவர் கேட்க மாட்டார், எப்படியாவது பக்குவமாக அவரை மைதானத்திலிருந்து விலக்கி வையுங்கள், நான் எழுதியதாக அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததை ஐந்து பேர் முன்னால் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்காகத் தலையசைத்த இரண்டு பேரும் அய்யோ பாவம் என்கிற மாதிரிப் பார்த்தார்கள். தோற்றுப்போனவன் என்று சொல்லி அனுப்பியிருந்தால் தாங்கியிருப்பேன். நோயாளி என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ஆவணியில் லீவில் வந்தபோது என்னை டாக்டரிடம் கூட்டிப் போனது நீ. திரும்பி வரும் வழியில் டவுன் பஸ்ஸில், யாரிடமும் சொல்லாதே என்று நான் கேட்டபோது, சரிப்பா என்று சொன்னவனும் நீதான். உன் அம்மாவுக்கே நான் அஜீரணம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னதும், "உங்ககிட்ட நேரா எழுதுனா கேட்டுருவீகளாக்கும், புள்ளை வேற என்னதான் செய்வான்" என்று உன் பக்கம் பேசினாள். பேசிவிட்டு அழுதாள், தன்னிடமும் மறைத்ததற்காக. அந்த வீட்டில் அன்று யார் யாருக்காக வருத்தப்படுவது என்றே தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். உன் கடிதத்தின் முதல் வரி, தங்கள் கடிதம் கண்டேன் என்று இருந்தது. அப்படியென்றால் முதலில் உனக்கு எழுதியது அவர். அப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டிருப்பார், நீயும் நம்பி எல்லாவற்றையும் கொட்டியிருப்பாய். என்னை அனுப்ப அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை என் மகன் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார். அவரை நான் இனி அண்டப்போவதில்லை. உன்னை அப்படி விட முடியவில்லை, அதனால்தான் இம்புட்டு எழுதுகிறேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன், இதை அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. சிவசங்கரன் மேல் எனக்குக் குறை இல்லை. முதல் நாளே வீட்டுக்கு வந்து, பையன்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். எனக்குத் தலைவலி என்று அனுப்பிவிட்டேன். அவர் முதல் மேட்சைத் தோற்றார், இரண்டாவதை இரண்டு கோல் போட்டு ஜெயித்தார். இந்தச் சீசனில் என்னால் ஒரு மேட்ச்கூட ஜெயிக்க முடியவில்லை என்பதை நினைத்துக்கொள், அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி மேட்ச் சமயநல்லூர் டீமோடு. டிரா செய்தால் போதும், தப்பித்துவிடலாம். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. கமிட்டிக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க, அவர்கள் உட்கார்ந்த பந்தலுக்கு எதிர்க்கோடியில் கோல் போஸ்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போய் நின்றேன். இடைவேளைக்கு முன்னால் சமயநல்லூர்க்காரன் ஒரு கோல் போட்டான். பின்பாதி முழுக்க நம் பையன்கள் நான் நின்ற பக்கத்துக் கோலை முட்டிக்கொண்டே இருந்தார்கள். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் மலையாண்டி.

மலையாண்டியை உனக்கு நினைவிருக்கும், உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், நூல் சுற்றுகிற வைண்டிங்கில் தற்காலிக வேலை. டீம் முதல் டிவிஷனில் நிலைத்தால் நிரந்தரம் செய்வதாக மேனேஜ்மெண்டு சொல்லியிருந்தது. அவன் பெனால்டி அடிக்கும்போது என்னைப் பார்த்துத்தான் அடிப்பான். எதிர் டீம் கீப்பர் எந்தப் பக்கம் விழுவான் என்று நான் பார்த்து வைத்திருப்பேன், என் வலது தோளில் துண்டு கிடந்தால் அவன் தன் வலது பக்கம் அடிப்பான், இடது தோள் என்றால் இடது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அன்றும் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவன், கோலுக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டுகொண்டான். அவன் முகத்தில் வந்த தெம்பை நான் பார்த்தேன். சமயநல்லூர் கீப்பர் எப்போதும் தன் இடது பக்கம்தான் விழுவான், அதாவது அடிக்கிறவனுக்கு வலது. என் துண்டு வலது தோளில் கிடந்தது. இடது தோளுக்கு மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல முடியும், ஆனால் மறக்கவில்லை. பந்தலுக்குள் சுப்பராமன் எழுந்து நின்று கையைப் பிசைவது தெரிந்தது. பாட்டியாலாக்காரன் சொல்லித் தரட்டும் என்று நினைத்தேன். கையை அசைக்காமல் நின்றேன். மலையாண்டி வலது பக்கம் அடித்தான், கீப்பர் அங்கேயே விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

நான் சும்மா நின்றேன், அவ்வளவுதானே, என்னை வேண்டாம் என்றவர்களுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான்கு நாள் எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வைண்டிங்கில் மலையாண்டி இல்லை. கேட்டால், டீம் இறங்கிவிட்டதால் நிறுத்திவிட்டார்கள், ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிலை இழுத்துப் போட்டான். நான் தொடங்குவதற்குள் அவனே, "துண்டு வலது தோள்ல கெடந்துச்சுல்லண்ணே, அதை நம்பி அந்தப் பக்கமே வச்சேன். எவ்வளவு வேகமா அடிச்சும் அவன் புடிச்சுட்டான், ஒங்க மேல தப்பில்லண்ணே" என்றான். என்னைத் தேற்றுகிறான், சிவனாண்டி. நான் சும்மா நின்றதாக நினைத்தது அவனுக்குச் சொன்னதாகவே போயிருக்கிறது. கீப்பர் எந்தப் பக்கம் விழுவான் என்று தெரியும், தெரிந்தேதான் துண்டை மாற்றவில்லை என்று சொல்லிவிட்டேன். கையில் மிச்சமிருந்த தட்டையைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டான். பிறகு, "அஞ்சு மணிக்கு ஒரு பஸ் இருக்குண்ணே, அதை விட்டா நேரமாயிரும்" என்றான். திட்டியிருந்தால் தேவலை. பஸ் ஸ்டாண்டு வரை ஒருவரும் கூட வரவில்லை.

மறுநாள் சிவசங்கரனிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். உடனே என்னோடு மேனேஜரைப் பார்க்க வந்தார். டீம் இறங்கினது இறங்கினதுதான், மலையாண்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சுப்பராமன் அந்த அறையிலேயே இருந்தார். அவர் எனக்குச் செய்ததைச் சொல்லிக் காட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீர்ந்ததாக எழுதினால் அது பொய். நல்லதை நினைத்துத்தான் செய்தாய், அது எனக்குப் புரிகிறது, இருந்தும் வலிக்கிறது. இனி என் உடம்பைப் பற்றி எதுவானாலும் எனக்கு எழுது, கேட்காவிட்டால் வந்து சண்டை போடு. புதன்கிழமை டாக்டரிடம் போகிறேன், இந்த முறை அம்மாவும் வருகிறாள். பேரனுக்குப் பல் முளைத்ததா என்று எழுது. தங்கப்பொண்ணு வெறும் தரையில் படுக்க வேண்டாம். குலசாமி உங்கள் மூவரையும் கண் போலக் காக்கட்டும்.

ஒரு வேலை இருக்கிறது, தட்டாமல் செய். உங்கள் ஸ்டீல் பிளான்ட் டீமுக்கு விளையாட்டு வழியில் ஆள் எடுப்பதாக முன்பு சொன்னாய். மலையாண்டிக்கு இருபத்திரண்டு வயது, பத்தாவது பாஸ், இரண்டு காலிலும் அடிப்பான். செலக்ஷன் எப்போது என்று விசாரித்து நேராக அவன் விலாசத்துக்கே எழுது, விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்லி எழுதுவதாக அவனிடம் மறைக்காதே. வேண்டாம் என்று அவன் சொன்னாலும் இன்னொரு தடவை எழுது. அங்கே யாராவது, லீக்கில் கடைசிப் பெனால்டியைக் கோட்டை விட்டவனா என்று கேட்டால், காரணம் என் அப்பா என்று பெயரைச் சொல்லியே சொல்லு.

இப்படிக்கு
உன் அப்பா
பெ. நல்லகாமன்