வேண்டாம் என்று சொல்லாதவரை

அன்புள்ள அம்மாவுக்கு ஜெயசீலன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? போனில் நீ கேள்வியாகவே கேட்கிறாய், அதனால் எழுதுகிறேன். புனேயில் நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. ஒரு கம்பெனி கேன்டீனில் யார் யாருக்குச் சாப்பாடு என்று கணக்கு வைக்கும் பழைய டேட்டாபேஸுக்குப் புது புரோகிராம் கேட்டார்கள்; சொன்னால் தானே எழுதித் தரும் ஒரு ஏஐ டூலை வைத்தே எழுதினேன். சாப்பாடு வேண்டுமா என்ற கட்டத்தை ஒருவர் நிரப்பாமல் விட்டால், டேட்டாபேஸ் தானாகவே ‘வேண்டும்’ என்று போட்டுக்கொள்ளும். டூல் எழுதிய புரோகிராமோ, ஒன்றும் சொல்லாதவர்களுக்கெல்லாம் ‘வேண்டாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அன்று சோறில்லை. சொல்லாததை டேட்டாபேஸிடமே விட்டுவிடும்படி மாற்றிவிட்டேன். திட்டு கொஞ்சம்தான், கவலைப்படாதே.

அப்போது உன் ஞாபகம் வந்தது. எத்தனை லேட்டாக வந்தாலும் எனக்குச் சோறு இருக்கும். “வாணாம்னு சொன்னியா? சொல்லலன்னா சாப்புடுவன்னுதான்டா அர்த்தம்” என்பாய்.

வில்லியனூர் சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கி அனுப்பு. இங்கே கிடைப்பதை வாயில் வைக்க முடியவில்லை. பழைய போர்வையையும் அதோடு வைத்துவிடு, புதிது வேண்டாம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் லீவு பற்றி இன்னும் எதுவும் தெரியவில்லை. வரவில்லை என்று நான் சொல்லாதவரை, எனக்கும் சேர்த்தே உலை வை.

ஜெயசீலன்