மதியக் கச்சேரிக்காரிக்கு

இன்று காலை ரவையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் அப்பினேன். ஈர ரவையும் தோலும் சேர்ந்து எழுப்பும் அந்த வாசம் அறை முழுக்க நிறைந்தது. நீ போன பிறகு இந்த வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்தது இதுதான் முதல் தடவை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, அதுவும் அடக்க முடியாத கோபம். அதில் உனக்கும் பங்கு உண்டு. முழுதும் கேட்டுவிட்டுப் பேசு.

சபா செயலாளர் போன வாரம் போன் செய்தார். உன் நினைவாக ஒரு மாலைக் கச்சேரி வைக்கிறார்களாம். "எங்க சபா பெத்த புள்ளைங்க அவுங்க. நாம செய்யாம வேற யாருங்க செய்யறது?" என்றார். பெற்ற பிள்ளை! அந்தப் பிள்ளைக்கு வருடா வருடம் இவர்கள் ஒதுக்கியது மதியம் ஒன்றரை மணி. போத்தனூரில் பஸ் பிடித்து, உச்சி வெயிலில் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையேறினால், கீழே இருப்பவர்கள் யார்? மாலைக் கச்சேரிக்கு இடம் பிடிக்க வந்து, பக்கத்து நாற்காலிகளில் கைக்குட்டையை விரித்துவிட்டுத் தூங்குகிறவர்கள். கேன்டீனில் போண்டாவுக்கு வெங்காயம் நறுக்கும் சத்தம் என் தாளத்தோடு மல்லுக்கு நிற்கும். ஒரு தடவை, மாலைப் பாடகருக்கு வேண்டும் என்று உன் முன்னால் இருந்த மைக்கையே கழற்றிக்கொண்டு போனார்கள். "அதுக்கென்னங்க, பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு நீ மைக் இல்லாமலே மீதியைப் பாடி முடித்தாய். உன்னுடைய அந்தப் 'பரவாயில்லீங்க'வைக் கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது.

பாட்டு சுமாராக இருந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வால்பாறை எஸ்டேட் கோயில் விழாவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மலை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, என் மடியில் மிருதங்கம், உன் மூக்கருகே எலுமிச்சம்பழம். மேலே போய் இறங்கியதும் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்து தோடியை எடுத்தாய். இலை பறித்துவிட்டு வந்து, சாரலில் நின்ற பெண்களில் ஒருத்திகூட நகரவில்லை. ஒரு அம்மாள் மேடை ஓரத்துக்கே வந்து, "அம்மணி, அந்தப் பாட்ட இன்னொருக்கா பாடுங்க கண்ணு. என்னமோ மனசுக்கு எதமா இருக்குது" என்றாள். நீ முதலிலிருந்து மறுபடி பாடினாய். திரும்பி வரும்போது, "எனக்கு இது போதும் புள்ள" என்றாய். பொய். மாலைக் கச்சேரி கிடைத்தால் கட்டுவதற்கென்று வாங்கிய அரக்குப் பட்டுப்புடவையை, இழை விட்டுவிடக் கூடாதே என்று மடிப்பு மாற்றி மாற்றி பீரோவில் வைத்துக்கொண்டிருந்தது யார்?

அந்த மாலையும் ஒரு நாள் வந்தது. பெரிய பாடகர் ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போக, செயலாளர் உன் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"மிருதங்கம் மட்டும் மாத்திப்போடலாமுங்க. சாயங்காலக் கச்சேரியில பொம்பள மிருதங்கம்னா எடுபடாதுங்க. இந்த அம்மணி தப்பா நெனைக்கக் கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நீ அன்று ஆட்டவில்லை. "இவ வாசிக்கலீன்னா நான் பாடலீங்க. போய்ட்டு வாங்க" என்று வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு மதியக் கச்சேரிக்குக்கூட அவர்கள் உன்னைக் கூப்பிடவில்லை.

இதைக் கேட்டு எல்லோரும் உருகுகிறார்கள். நான் உருகமாட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? பக்கத்தில்தானே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன்! நீ பாடு, நான் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறேன் என்று சொல்லியிருப்பேன். இருந்த ஒரே ஒரு மாலையையும் எனக்காகத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். அன்றைக்கே உன்னோடு சண்டை போட்டேன். நீ சிரித்துக்கொண்டே ரசத்துக்குப் புளி கரைத்தாய்.

இப்போது அதே செயலாளர் சொல்கிறார்: "பேர் பெத்த பாடகர் ஒருத்தர் வாராருங்க. நீங்கதான் மிருதங்கம் வாசிக்கோணும். காலம் மாறிப்போச்சுங்க. இப்பெல்லாம் லேடீஸ் வாசிச்சா ஜனங்களுக்குப் புடிக்குது." காலம் தானாக மாறிவிட்டதாம். இத்தனை நாள் அதை மாறவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தது இவர்கள் இல்லையாம். போனை வைத்துவிடத்தான் கை துடித்தது. ஆனால் அது உனக்குக் கிடைக்காத மேடை. நான் மறுத்தால், உன் குரலை ஒரு நாளும் கேட்டிராத யாரோ அங்கே உட்கார்ந்து, உன் பெயரால் சால்வை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆண் பாடகர்கள் யாரும் என்னைப் பக்கவாத்தியத்துக்கு அழைத்ததில்லை. அதனால் அவர்கள் சுருதிக்கு என்னிடம் மிருதங்கமே கிடையாது. அதைத்தான் சொன்னேன்.

"என்னோடது அஞ்சு கட்டைங்க. அவ சுருதி. ஆம்பளச் சுருதிக்குன்னு புதுசா வேற வாங்க மாட்டேனுங்க. பாடகரும் வேண்டாம். தம்பூராவ அவ சுருதியில மீட்டட்டும், பாடறவங்க எடம் காலியா இருக்கட்டும். நான் மட்டும் வாசிக்கறேன்."

"அதெப்படீங்க அம்மணி, பாட்டே இல்லாம ஒரு கச்சேரி?"

"பாட்டு இருந்தப்ப நீங்க கேக்கலீங்களே."

"கமிட்டியில சொல்லிப்போடறேனுங்க" என்று இழுத்தார். நேற்று, சரி என்று சொல்லிவிட்டார். நாளை மாலை வாசிக்கிறேன்.

என் கோபம் ஆறவில்லை. அவர்கள் மேலும் ஆறவில்லை, உன் மேலும் ஆறவில்லை. ஆனாலும் இன்று காலை சுருதிப் பெட்டியைப் போடாமலே மிருதங்கத்தை உன் குரலுக்குத்தான் சேர்த்தேன். கல்லை எடுத்து விளிம்பைத் தட்டத் தொடங்கியதும், காதுக்குள் நீ சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். துளிகூடப் பிசகவில்லை. சேர்ந்த பிறகு தலை நிமிர்ந்து, பாடு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.