வாயைப் பார்க்கும் வகுப்பு

ஜூன் 4
பல் தேய்த்தால் மறுபடியும் ரத்தம். ஈறு பற்களுக்கு நடுவே புகுந்து இறங்கிக்கொண்டே வருகிறது. முன்பற்கள் பால்பற்கள் மாதிரி குட்டையாகிவிட்டன. "ராத்திரியும் பல்லு தேய்க்கிறியா?" என்று கேட்டார் இவர். முப்பத்தெட்டு வயதுப் பெண்டாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜூன் 11
இன்று அவமானம். பாடம் நடத்தும்போது கை தானாக வாயை மறைத்திருக்கிறது. காது கேட்காத பிள்ளைகள். என் உதட்டைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் பாடமே. முதல் வரிசை வாலு எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். எத்தனை நாளாக ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்களோ!

ஜூன் 13
பல் டாக்டர் வாய்க்குள் பார்த்ததுமே என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். வலிப்புக்கு என்றேன். அதுதான் காரணமாம், சிலருக்கு ஈறை இப்படி வளர்த்துவிடுமாம். நானோ பிரஷ்மேல் பழியைப் போட்டு, பிரஷ்ஷாக மாற்றிக்கொண்டிருந்தேன். "நீங்களா நிறுத்திடாதீங்க. வலிப்பு திரும்ப வந்துடும்" என்றார்.
நிறுத்தும் யோசனைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ.

ஜூன் 20
நரம்பு டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றலாம் என்கிறார். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கூட்டி. ஈறு மெல்ல வற்றும், வற்றாததை வெட்டிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுகிற சமயத்தில் வலிப்பு வரலாம், கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்திருக்கணும் என்றார். ஐந்து வருஷமாக வலிப்பு வராததால் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டால்? சொல்லாமல், மாத்திரையும் மாற்றாமல், இந்த வாயை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்லித்தர?

ஜூன் 21
யோசித்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 24
தலைமையாசிரியையிடம் மென்று விழுங்கி, ஒருவழியாகப் போட்டு உடைத்துவிட்டேன். வகுப்பு போச்சு என்றே நினைத்தேன். அவரோ, "அப்போ புள்ளைங்களுக்கும் சொல்லணுமே. நீங்களே சொல்லிடுங்க, உங்க வாயாலதான் அதுங்களுக்குப் புரியும்" என்றார்.
வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 25
டீச்சர் விழுந்தால் நாற்காலிகளை நகர்த்தணும், ஒருக்களித்துப் படுக்கவைக்கணும், ஒருத்தர் பக்கத்து வகுப்புக்கு ஓடணும், வாயில் எதையும் வைக்கக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு, ஒத்திகைக்கு நானே தரையில் படுத்தேன். ஆளாளுக்கு என்னை உருட்டினார்கள். பயமாவது ஒன்றாவது! இன்னொரு தடவை விழச் சொன்னார்கள்.

ஜூலை 16
வந்துவிட்டது — வகுப்பிலேயே. விழுந்தது நினைவில்லை. கண் திறந்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் தலைமாட்டில் இருந்தார். நாற்காலிகள் சுவரோரம். பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜூலை 20
புதிய மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். ஈறு இன்னும் அப்படியேதான். இன்று வகுப்புக்குப் போனதும் வாலு நேரே முன்னால் வந்து நின்றாள். அன்று கீழே கிடந்தபோது என் உதடு அசைந்ததாம். ஏதோ சொன்னேனாம், அவளுக்குப் பிடிபடவில்லையாம்.
"திரும்பச் சொல்லுங்க டீச்சர். மெதுவா."
என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது என்பதை, ஒவ்வோர் எழுத்தாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். கண்ணெடுக்காமல் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தாள்.