அத்தான் கிண்டிய துருக்கி ரவை

என் அன்புக்கும், நீ திருகித் திருகி நீளமாக்கிய என் வலது காதுக்கும் உரிய பவளமக்கா,

முதலில் வெற்றிச் செய்தி. உன் கடைக்குட்டித் தம்பி துருக்கி தேசத்தின் மீது தனியாளாகப் படையெடுத்து, பத்து நாள் முற்றுகையிட்டு, ஒரு குசினியைக் கைப்பற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டான். கட்டுநாயக்காவில் யானையும் மேளமும் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். வாடகை வான்காரன் ஒருவன்தான் நின்றான், அவனும் வேறு யாரோ ஒருவருடைய பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு. உன் புருஷன்கூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போய் ஐந்து மாதத்துக்கு மேலாகிறது. அத்தான் சாப்பிடுவதில்லை, அக்கா. இதில் மட்டும் நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. காலையில் ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட். இரவில் காலையில் மிஞ்சிய பிஸ்கட். காற்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. பெல்ட்டில் ஆணி அடித்துப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் எழுதிற மருந்து ஒண்டும் இனி வேலை செய்யாது. மனுசனைச் சாப்பிட வையுங்கோ, இல்லாட்டிக் கன நாளைக்குத் தாங்கார்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்காதே. உன் நண்டுக் குழம்பை என் மனுசி சரசு வைத்தாள். உன் கத்தரிக்காய்ப் பால்கறியைக் கீழ் ஃபிளாட் ஆன்ட்டி வைத்தா. உன் மகள் துஷி லண்டனிலிருந்து பறந்துவந்து உன் கூழைக் காய்ச்சினாள். எல்லாம் உன் தாச்சியில், உன் அகப்பையால், உன் கையளவை நினைத்து நினைத்து. அத்தான் ஒரு வாய் வைப்பார்.

"பவளம் இதுக்குக் கடைசியாத்தான் தேசிக்காய் விடுறவள்" என்பார். கையைக் கழுவிவிடுவார்.

"கடைசியாத்தான் விட்டனான் அண்ணை! ஒண்டுக்கு ரெண்டாய் விட்டனான்!" என்று சரசு குசினிக்குள் போய் அழுவாள். அவள் அழுத கண்ணீரில் வெள்ளவத்தைக் கால்வாய் இரண்டு தடவை பெருக்கெடுத்தது.

துருக்கி எங்கிருந்து வந்தது என்பது உனக்கே தெரியும். பின்னேரத்தில் டீவியில் நீ பார்க்கும் அந்தத் துருக்கி நாடகம். அந்த வீட்டுக்காரர்கள் காதலித்தாலும் சரி, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டாலும் சரி, மேசையில் சாப்பாடு குறையாது. "அந்தப் பச்சைச் சுருளுக்குள்ள என்னடா வைக்கினம்?" என்று கேட்பாய். "மனுச விரல்" என்று சொல்வேன். நீ அரைவாசி நம்புவாய்.

அதை மனதில் வைத்துத்தான் துஷி உன் பிறந்தநாளுக்கென்று உனக்கும் அத்தானுக்கும் அங்கே ஒரு வீட்டில் பத்து நாள் தங்க ஒழுங்கு செய்திருந்தாள். வீட்டுக்காரி சமையலும் பழக்குவாளாம். பிறந்தநாள் வந்தது, நீ இல்லை. அத்தானைப் போகச் சொன்னோம். "அவள் இல்லாமல் நான் எங்க போறது? நீ போ" என்றார். நான் போனேன். உன் இடத்தில் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உன் சூட்கேஸோடு போனேன்.

இஸ்மிர் நகரத்திலிருந்து ஒரு மணித்தியால பஸ் பயணம். ஒலிவ் மரங்களுக்கு நடுவில் சிறிய ஊர். வீட்டுக்காரி பெயர் நெர்மின். அவளுடைய புருஷன் ஹசன் வாய் திறக்காத மனிதர். மகள் எலிஃப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், எங்கள் கதையெல்லாம் அவள் வாயால்தான் போய்வந்தது. நெர்மின் என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் 'அப்லா' என்று கூப்பிடச் சொன்னாள். அவர்கள் பாஷையில் அக்கா. முதல் நாள் முழுக்க 'மேடம்' என்றே கூப்பிட்டுச் சமாளித்தேன்.

போனதும் தேத்தண்ணிப் போர் தொடங்கியது. சின்னக் கண்ணாடிக் கிளாஸ், குடித்து வைத்தால் அப்லா நிரப்புவாள். போன வீட்டில் தந்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று நீ குட்டிக் குட்டி வளர்த்த பிள்ளை அல்லவா நான்? குடித்தேன். பதினேழாவது கிளாஸில் என் நரம்பில் இரத்தம் ஓடவில்லை, தேத்தண்ணிதான் ஓடியது. எலிஃப் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

"போதுமெண்டால் கரண்டியைக் கிளாசுக்கு மேல குறுக்கா வையுங்கோ, அங்கிள். எப்ப வைப்பீங்களெண்டு அம்மா பயந்துபோய்ப் பாத்துக்கொண்டிருக்கிறா. வீட்டில தேயிலை முடிஞ்சுது."

உன் பச்சைச் சுருளின் மர்மத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். அது திராட்சை இலை. உள்ளே அரிசி, வெங்காயம், புதினா. விரல் இல்லை, ஆனால் விரல் பருமனில்தான் சுருட்ட வேண்டும். நான் சுருட்டியது நம் காலி வீதி பேக்கரி ரோல்ஸ் மொத்தத்தில் வந்தது. அப்லா அதைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்து ஏதோ சொன்னாள். "கட்டில்ல போட்டுத் தலைக்கு வைக்கலாமாம்" என்று எலிஃப் மொழிபெயர்த்தாள்.

நான்காம் நாள் பருப்பு சூப். அவர்கள் அதில் போடும் உறைப்பை நம் ஊரில் பல்லு முளைக்காத பிள்ளைக்குக் கொடுக்கலாம். எனக்குப் பரிதாபமாகிவிட்டது. சரசு கட்டித் தந்த கறித்தூளில் ஒரு மேசைக்கரண்டி, யாரும் பார்க்காத நேரம், முழுக்க முழுக்க அன்பினால் போட்டேன். ஹசன் முதல் வாயிலேயே பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்று எலிஃப் கடைசிவரை மொழிபெயர்க்கவில்லை. அவர் குடித்த தண்ணீரில் அந்தப் பக்கத்துக் கடல் ஓரடி இறங்கிவிட்டது.

அந்தக் கலவரம் அடங்கிய பிறகுதான் அப்லா என் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த வயசில ஒரு ஆம்பிளை தனியா வந்து சமையல் பழகிறார். வீட்டில ஆர் சாப்பிடுறேல்லை?"

பகிடி விடப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். அத்தான் கை கழுவுவதைப் பற்றிச் சொன்னேன்.

"அக்காவுக்கு ஹெல்வா கிண்டினீங்களோ?"

அதென்னவென்று எனக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்துப் படைத்ததைப் பெருமையாகச் சொன்னேன். "ஆர் சமைச்சது?" என்றாள். ஆள் பிடித்துச் சமைப்பித்தோம் என்றேன். "அவவின்ர புருஷன்?" அவர் கதிரையில் இருந்தார் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து அடுப்பை மூட்டினாள்.

அங்கே ஒருவர் இறந்தால் வீட்டில் ரவையை வெண்ணெயில் வறுத்து ஹெல்வா கிண்டுவார்களாம், அக்கா. நம்முடைய கேசரிக்கு வெள்ளைக்காரச் சொந்தம் என்று வைத்துக்கொள். ஆனால் ஆள் பிடித்துச் செய்வதில்லை. இறந்தவரில் அன்பு உள்ளவர்கள் முறைவைத்து அகப்பையைப் பிடிக்க வேண்டும். பிடித்தவர் இறந்தவரை நினைத்துக்கொண்டு கிண்ட வேண்டும். பைன் மரத்து விதை கொஞ்சம் போடுவார்கள், அது பொன்னிறமாகும்வரை நிறுத்தவும் கூடாது, நெருப்பைக் கூட்டவும் கூடாது. முக்கால் மணித்தியாலம்.

அகப்பையை என்னிடம் தந்தாள். நான் தமிழில் சொல்லிக்கொண்டு கிண்டினேன். யாருக்கும் விளங்காது என்பதால் ஒன்றையும் பெருப்பிக்கவில்லை. பாண் தட்டுப்பாட்டுக் காலத்தில் நீ கியூவில் நின்று வாங்கிவந்த பாணை எனக்கு வெட்டித் தந்து, "எனக்குப் பாண் பிடிக்காதடா" என்றதைச் சொன்னேன். கலியாணம் முடித்த பிறகு உன் வீட்டில் நீ பாணும் சம்பலும் வெளுத்துவாங்கியதைக் கண்ட அன்றுதான், என்னைவிடப் பெரிய பொய்க்காரி நீ என்று தெரிந்தது. கை ஓய்ந்தபோது ஹசன் வந்து அகப்பையை வாங்கினார். உன்னைக் கண்ணாலும் காணாத மனிதன், என் கறித்தூளால் நாக்கு வெந்துபோன மனிதன், உனக்காகக் கிண்டினார்.

போன சனிக்கிழமை ரவையும் பட்டரும் வாங்கினேன். பைன் விதை கேட்டதற்குக் கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏவா நே மாத்தயா, கஜு தியெனவா" என்றான். பைன் விதை இல்லை, முந்திரிதான் இருக்கிறதாம். அதை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னால் அத்தான் கதிரையை விட்டு எழும்பமாட்டார். ஆகவே எனக்குக் கைவந்த கலையை எடுத்தேன்.

"அத்தான், துருக்கியில ஒரு கரடியோட மல்லுக்கட்டித் தோள்மூட்டுக் கழண்டுபோச்சு. ரெண்டு நிமிஷம் இதைக் கிண்டிவிடுங்கோ."

"எந்தக் கரடி?"

"பெரிய கரடி."

"பிறந்த நாள் துவக்கம் ஒரு உண்மை கதைச்சிருக்கிறியேடா?" என்றார். ஆனாலும் வந்தார். நாற்பது வருஷத்தில் அந்தக் குசினிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் வந்த மனிதர், அகப்பையைப் பேனை பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"இது பவளம் எப்பிடிச் செய்யிறவள்?"

"அவ இதைச் செய்ததே இல்லை. அவவுக்கு இது தெரியாது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உனக்குத் தெரியாத சாப்பாடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. நாங்கள் ஐந்து மாதமாக விட்ட பிழை எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் கறியையே திரும்பத் திரும்ப வைத்து, நீ இல்லை என்பதை அவருக்கு வேளைக்கு வேளை பரிமாறியிருக்கிறோம்.

கிண்டுகிறவர் உன்னை நினைக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னேன். அவர் கிண்டிக்கொண்டே இருந்தார். தண்டவாளத்தில் கரையோரக் கோச்சி ஒன்று போய் முடிந்தது. பிறகு ரவையைப் பார்த்தபடி சொன்னார்:

"உப்புக் காணாது, புளி கூடிப்போச்சு எண்டுதான் சொல்லியிருக்கிறன், ரவி. நல்லாயிருக்கெண்டு ஒருநாளும் சொல்லேல்லை. கதவடியில நிண்டு என்ர முகத்தைப் பாப்பாள். எனக்குத் தெரியும், அதைத்தான் பாக்கிறாளெண்டு. தெரிஞ்சுகொண்டும் சொல்லேல்லை."

கை நின்றுவிட்டது. நான் அகப்பையை வாங்கியிருக்கலாம். கரடி கழற்றிய தோளோடு எப்படி வாங்குவது? அடிப்பிடித்து மணந்தது. சீனிப்பாணியை ஊற்றி மூடினோம். ஆறியபின் கருகாத பக்கத்தை அவருக்கும் கருகியதை எனக்கும் போட்டேன். அவர் தட்டை மாற்றினார்.

"கருக்கினது நான். நான்தான் தின்னோணும்."

தின்றார், அக்கா. கடைசி மணிவரை வழித்துத் தின்றார். இடையில் கண்ணைத் துடைத்தார், கையைக் கழுவவில்லை. நீ இருந்திருந்தால் அவரை முன்பே அடுப்படிக்குக் கூப்பிட்டிருப்பாயா? அல்லது இது நீ இல்லாமல்தான் நடக்கக்கூடிய காரியமா? எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவரே ஃபோன் எடுத்து, "சொதிக்கு முதல் பாலோ ரெண்டாம் பாலோ முன்னுக்கு விடுறது?" என்று சரசுவைக் கேட்டார். நேற்று அந்தச் சொதி அரங்கேறியது. பால் திரைந்திருந்தது. உப்பு, இந்து சமுத்திரத்தின் பாதி. தான் சமைத்தது என்ற ஒரே பிடிவாதத்தில் அவர் சோற்றில் ஊற்றி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். பிறகு எனக்கு ஊற்றிவிட்டு, கதவடியில் போய் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"அத்தான்," என்றேன், "இப்பிடியொரு சொதியை நான் என்ர வாழ்நாளில குடிச்சதில்லை."

சத்தியமான உண்மை. மனுஷன் சிரித்தார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் புருஷன் என்ன வைத்தாலும், எனக்கு வயிறு என்று ஒன்று இருக்கும்வரை, வந்து இருந்து சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று வாய் திறந்து சொல்வேன். இன்று காலை சரசுவின் இடியப்பத்துக்கும் சொல்லிப் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, காய்ச்சல் காய்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இப்படிக்கு,
உன் கடைசித் தம்பி, துஷியின் மாமன்,
ரவி